செட்டிநாட்டு வீட்டுக்குச் சோலார்: எந்தத் திசை, எவ்வளவு சாய்வு, எந்த இடம்?

கேள்வியின் சுருக்கம் இது: "பள்ளத்தூரில் எங்கள் பழைய வீடு. வாசல் கிழக்குப் பார்த்தது. அப்பச்சியும் ஆத்தாவும் (அப்பாவும் அம்மாவும்) மட்டும் இருக்கிறார்கள், நாங்கள் வெளியூரில். 3 கிலோவாட் சோலார் போடலாம் என்று மூன்று பேரிடம் விசாரித்தோம். ஒருவர் 10 டிகிரி சாய்வு போதும் என்கிறார். இன்னொருவர் 30 டிகிரி வைத்தால்தான் கரண்ட் வரும் என்கிறார். மூன்றாமவர் பேனலைத் தாங்கும் இரும்பு ஸ்ட்ரக்சரே வேண்டாம், முற்றத்தைச் சுற்றியுள்ள ஓட்டுக் கூரை மேலேயே படுக்க வைத்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

10 டிகிரி சொன்னவரிடம் பேச்சைத் தொடருங்கள். உங்கள் ஊருக்குத் தெற்குப் பார்த்து 10 டிகிரி என்பது சரியான சாய்வு. அது 8 ஆக இருந்தாலும் 12 ஆக இருந்தாலும் வருடக் கணக்கில் உங்களால் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எனக்குக் கவலை வேறு இடத்தில். மூன்று பேரும் சாய்வைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். நிழல் எங்கே விழுகிறது, எடை எதன் மேல் உட்காரும், காற்றுக்கு என்ன பிடிமானம் என்று ஒருவரும் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்தில் கரண்ட் குறைவதற்குச் சாய்வு காரணமாக இருப்பது அபூர்வம். நிழலும் தூசியும்தான் பெரும்பாலும் காரணம்.

முதலில் சாய்வை முடித்துவிடுவோம்.

காரைக்குடி வட்டாரம் ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் வருடத்தில் தெற்கே 23.4 டிகிரி வரைக்கும் வடக்கே 23.4 டிகிரி வரைக்கும் போய் வருகிறது. நாம் அந்தப் பாதைக்கு உள்ளேயே இருக்கிறோம். அதனால் டெல்லிக்காரர்களுக்கு ஒருநாளும் நடக்காத ஒன்று நமக்கு வருடத்தில் இரண்டு முறை நடக்கிறது: சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் 16-ஐ ஒட்டி, அதாவது சித்திரை பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் ஒரு முறை. ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி, ஆவணி 10 வாக்கில் இன்னொரு முறை. அந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட நான்கு மாதத்துக்கும் மேல் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று 13 டிகிரிக்குச் சற்று அதிகமாகவே வடக்கில் இருக்கும். டிசம்பர் 21 அன்று தெற்கே இறங்கி, அடிவானத்திலிருந்து சுமார் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். நமக்கு அதுதான் ஆகத் தாழ்ந்த நடுப்பகல் சூரியன். அதுவே பாதி வானத்துக்கு மேலே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது 30 டிகிரிக்காரர் சொல்வதைச் சோதிப்போம். பேனலை 30 டிகிரி தெற்கே சாய்த்தால் மார்கழியில் நடுப்பகல் வெயில் அதன் மேல் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும். அந்த நேரத்துக்கு 10 டிகிரிப் பேனலைவிட எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் ஜூன் மாதத்தில் சூரியன் பேனலின் முதுகுப் பக்கமாக நகர்ந்துவிடும். வெயில் 43 டிகிரி கோணத்தில் சரிந்து விழும். நடுப்பகல் நேரடி வெயிலில் 10 டிகிரிப் பேனலுக்குக் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறையும். மார்கழியில் வாங்கிய லாபத்தை வைகாசி, ஆனி, ஆடி மூன்றுமாகச் சேர்ந்து வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். வருட மொத்தத்தில் 30 டிகிரி வைப்பவருக்கு ஐந்து சதவீதம் வரை நஷ்டம். இரும்புச் செலவும் கூடும்.

அதற்கு மேல் இன்னொரு விஷயம் உண்டு. மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், நமக்கு நேர் வெயில் கிடைப்பதே குறைவு. மேகத்தில் பட்டுச் சிதறி வானம் முழுவதிலிருந்தும் வருகிற வெளிச்சம்தான் அதிகம். சிதறிய வெளிச்சத்தை வாங்க, பேனல் எவ்வளவு வானத்தைப் பார்க்கிறது என்பதுதான் கணக்கு. 30 டிகிரி சாய்த்த பேனல் வானத்தில் ஏறத்தாழ 7 சதவீதத்தை இழக்கிறது. 10 டிகிரிப் பேனல் ஒரு சதவீதம்கூட இழப்பதில்லை. அதனால் தெற்கே சாய்ந்த சூரியனுக்காகப் பேனலை நிமிர்த்தினால், அந்த மாதங்களில் பாதி நாள் அந்தச் சூரியனே கண்ணில் படாது.

30 என்ற எண் எங்கிருந்து வருகிறது? அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வு என்று ஒரு பொது விதி இருக்கிறது. டெல்லி 28 டிகிரிக்கு மேல் இருக்கிறது, அங்கே அது பொருந்தும். வீடியோக்களில் பேசும் அமெரிக்கர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் 30, 35 பொருந்தும். அதே விதியை நம் ஊருக்குப் போட்டால் 10 தான் வரும். சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்டுகிறவர்களிடமிருந்தும் இந்தக் குழப்பம் வருவதுண்டு. வெந்நீர் நமக்கு வேண்டியது மார்கழி, தை மாதக் குளிருக்கு. அதனால் அந்தக் குழாய்களை நிமிர்த்தி வைப்பதில் நியாயம் இருக்கிறது. அதைப் பார்த்து மின்சாரப் பேனலை வைக்கக் கூடாது.

சரி, சாய்வே வேண்டாம், தட்டையாகப் படுக்க வைத்துவிடலாமே என்று தோன்றும். வெளிச்சக் கணக்கு மட்டும் என்றால் ஒன்றரை சதவீதம் போல்தான் இழப்பு, பெரிய விஷயமில்லை. தண்ணீரும் மண்ணும்தான் தடை. பேனலைச் சுற்றி அலுமினியச் சட்டம் கண்ணாடிக்கு மேலே சில மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். தட்டையாக இருந்தால் மழைத் தண்ணீர் அங்கே தேங்கிக் காய்ந்து, கீழ் விளிம்பு நெடுக ஒரு மண் கோடு படியும். நம் மண் செம்மண். கோடையில் பறக்கும் அந்தப் புழுதி லேசில் போகாது. பேனலில் கட்டம் கட்டமாகத் தெரியும் செல்களில் கீழ் வரிசையை அந்தக் கோடு மறைத்தால், இழப்பு அந்தக் கோட்டின் அகலத்தோடு நிற்காது. ஏன் என்று நிழலைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன். 10 டிகிரி இருந்தால் ஒரு நல்ல மழை பேனலைத் தானே கழுவிவிடும். அதற்காகத்தான் 5 வேண்டாம், 10 வையுங்கள் என்கிறேன்.

சாய்வைச் சரிபார்க்கச் செயலி, கருவி எதுவும் தேவையில்லை. ஒரு அடிக்கு இரண்டு அங்குலம் ஏற்றம் என்றால் அது ஒன்பதரை டிகிரி. இப்போது பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். நீளவாட்டில் சாய்த்தால் கீழ் முனையைவிட மேல் முனை 15 அல்லது 16 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். அப்பச்சி டேப்பை வைத்தே பார்த்துவிடலாம்.

வருடத்துக்கு இரண்டு முறை சாய்வை மாற்றும் ஸ்ட்ரக்சர் போடலாமா என்று அடுத்து யாராவது சொல்லுவார்கள். நம் அட்சரேகையில் அதில் கிடைப்பது சில சதவீதம்தான். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில், மாடியில் ஏறி நட்டுக் கழற்றுகிற வேலை வைக்கவே வேண்டாம். நட்டு ஒன்று தளர்ந்துபோனால் காற்றில் அதுவே ஆபத்து.

அடுத்து திசை.

தெற்குதான் முதல் தேர்வு. காரணம், தை முதல் பங்குனி வரை, வானம் தெளிந்து வெயிலும் நல்லபடி அடிக்கிற காலத்தில் சூரியன் தெற்கே இருக்கிறது. ஆனால் சாய்வு 10 டிகிரி என்றால் திசை அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. தென்கிழக்கு, தென்மேற்கு என்று 45 டிகிரி திரும்பினாலும் இழப்பு ஒரு சதவீதத்துக்குள் அடங்கும். முழுக்கக் கிழக்கோ மேற்கோ பார்த்தால் இரண்டு மூன்று சதவீதம். வடக்கே பார்த்தாலும் 10 டிகிரிக்கு ஐந்து சதவீதம் போல்தான் போகும். அதனால் தெற்குத் திசை கிடைக்கிறதே என்பதற்காக நிழல் விழும் மூலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிழலே இல்லாத கிழக்குச் சாய்வு அதைவிட மேல்.

கிழக்கா மேற்கா என்று இரண்டில் ஒன்று என்றால், நம் பக்கத்துக்கு நான் கிழக்கைச் சொல்வேன். ஆவணி, புரட்டாசியில் காலை வெயில் பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் மேகம் திரண்டு இடி மழை பிடிக்கும். காலையில் பேனல் சூடும் குறைவு. வீட்டுக்குள் வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் இருக்கும்போது எந்த நேரத்தில் உற்பத்தியானாலும் கணக்கில் சேரும். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு திசை பார்த்த பேனல்களை ஒரே வரிசை இணைப்பில் கோக்க விடாதீர்கள். தொடர் இணைப்பில் ஓடும் மின்னோட்டத்தை அதில் மந்தமான பேனல்தான் தீர்மானிக்கும். திசைக்கு ஒன்றாக இரண்டு எம்.பி.பி.டி. (பேனல்களிடமிருந்து ஆன மட்டும் மின்சாரத்தை எடுக்கும் பகுதி) உள்ள இன்வெர்ட்டர் வேண்டும்.

தெற்கைக் கண்டுபிடிக்கக் கைபேசியின் திசைகாட்டியை மட்டும் நம்ப வேண்டாம். கம்பி போட்ட கான்கிரீட்டும் இரும்பு ஸ்ட்ரக்சரும் அதைத் திருப்பிவிடும். நிழலை நம்பலாம். நம் ஊரில் சூரியன் உச்சி கடப்பது கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரித் தீர்க்கரேகைக்கு வைத்தது, காரைக்குடி 78.8 டிகிரியில் இருக்கிறது. அதனால் சராசரியாக 12.15-க்குத்தான் நமக்கு உச்சி. பிப்ரவரி நடுவில் 12.29 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.58-க்கே வந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு தூக்குக்குண்டு நூலின் நிழல் நேர் வடக்கு தெற்காக விழும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அந்த நிழல் தெற்குப் பக்கம் விழும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடிகாரமே வேண்டாம் என்றால் ஸ்தபதிகளின் சங்கு முறை இருக்கிறது. சமதளத்தில் ஒரு கோலை நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்துச் சேர்த்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. கோயிலுக்குத் திசை எடுத்த முறை, பேனலுக்கு வேண்டியதைவிட நுட்பமானது. உங்கள் வீட்டுச் சுவர் அந்தக் கோட்டிலிருந்து பத்துப் பதினைந்து டிகிரி விலகியிருந்தால், பேனலைச் சுவருக்கு இணையாகவே வையுங்கள். இழப்பு கண்ணுக்குத் தெரியாது, மாடியைப் பார்க்கவும் ஒழுங்காக இருக்கும்.

இனி நிழல். உங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியம்.

ஒரு பேனலுக்குள் செல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல் நிழலில் இருந்தால் அதோடு கோத்த மற்றவற்றின் ஓட்டமும் அடங்கிப்போகும். அதைத் தவிர்க்கத்தான் ஒரு பேனலை மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பைபாஸ் டயோடு வைக்கிறார்கள். நிழல் பட்ட பகுதியை டயோடு சுற்றிக்கொண்டு போகும், மற்ற இரண்டும் வேலை செய்யும். அப்படியும் ஒரு செல்லை மறைக்கும் நிழலுக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. செல்லைப் பாதியாக வெட்டிச் செய்யும் புதுப் பேனல்களில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியே இயங்கும். நிழல் கீழேயிருந்து ஏறும் இடத்தில், நீளவாட்டில் நிறுத்திய பேனலில் மேல் பாதி தப்பிக்கும். டிஷ் ஆன்டெனா, துணிக்கொடி கட்டிய குழாய், தென்னங்கீற்று, தண்ணீர்த் தொட்டி எல்லாமே இந்தக் கணக்கில் வரும். மயில் எச்சமும் வரும். கண்ணாடியில் கெட்டியாகக் காய்ந்த எச்சத்துக்குக் கீழே இருக்கும் செல் சூடேறிக் கெட்டுப்போகும். வயல் ஓரத்து வீடுகளில் இதை நான் மழைக்காலத்தைவிடக் கோடையில் அதிகம் பார்க்கிறேன், ஏனென்றால் கழுவ மழை இல்லை.

செட்டிநாட்டு வீட்டின் முகப்பு உயரமானது. கைப்பிடிச் சுவருக்கு மேலே சுதைச் சிற்பங்கள், கஜலட்சுமி, வளைவுகள் என்று அது இன்னும் எழும்பி நிற்கும். உங்கள் முகப்பு கிழக்கில் இருக்கிறது. ஆகவே காலை நிழல் முழுக்க மாடியின் முன்பகுதியில் விழும். கணக்கு இப்படி: டிசம்பர் 21 காலை 9 மணிக்கு நம் பக்கம் சூரியன் 32 டிகிரி உயரத்தில், தென்கிழக்கில் இருக்கும். அப்போது ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப்போல் 1.6 மடங்கு நீளம். அதில் மேற்குப் பக்கமாக நீள்வது 1.3 மடங்கு, வடக்குப் பக்கமாக நீள்வது சற்றுக் குறைய ஒரு மடங்கு. இதிலிருந்து எளிதாக ஒரு விதி கிடைக்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் உள்ள தடுப்புக்கு அதன் உயரத்தைப்போல் ஒன்றேகால் பங்குக்கு மேல் தள்ளிப் பேனல் வையுங்கள். தெற்குச் சுவருக்கு அதன் உயரம் அளவுக்குத் தள்ளுங்கள். வடக்குச் சுவருக்கு ஜூன் மாதக் காலை நிழலைக் கணக்கிட்டால் பாதி உயரம் தள்ளினால் போதும். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் என்றால் தெற்கில் மூன்றடி, கிழக்கில் நாலடி விட வேண்டும். முகப்பின் சிற்பம் மாடித் தளத்திலிருந்து எட்டடி நிற்கிறது என்றால் கிழக்கில் பத்தடிக்கு மேல் விட வேண்டும்.

நம் நீள வீடுகளில் இது ஒரு வசதி. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று வீடு ஓடுகிறது. முகப்பை விட்டுப் பின்னால் போக இடம் இருக்கிறது. பல வீடுகளில் பின்கட்டில் பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் தளம் இருக்கும். குளியலறைக்காகவோ தண்ணீர்த் தொட்டிக்காகவோ கட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், தொட்டியின் நிழலை மட்டும் பார்த்துக்கொண்டு அங்கேயே வையுங்கள். தொட்டிக்குத் தெற்குப் பக்கத்தில் பேனல் வைத்தால் வருடத்தின் பெரும்பகுதி நிழல் எதிர்ப்பக்கம் போய்விடும். 3 கிலோவாட்டுக்கு 540 வாட் பேனல் ஆறு வேண்டும். நடக்க இடம் சேர்த்து முந்நூறு சதுர அடி இருந்தால் தாராளம்.

இரண்டு வரிசையாக வைத்தால் முன் வரிசை பின் வரிசையை மறைக்காமல் பார்க்க வேண்டும். 10 டிகிரிக்கு முன் வரிசையின் பின் முனை 40 சென்டிமீட்டர்தான் எழும்பும், அதே அளவு இடைவெளி போதும். கழுவ ஆள் நுழைய வேண்டுமே என்று இரண்டடி விடச் சொல்வேன். 30 டிகிரி என்றால் முனை ஒரு மீட்டருக்கு மேல் எழும்பும், இடைவெளியும் மூன்றரை அடிக்கு மேல் போகும். தெருவிலிருந்து பார்த்தால் முகப்புச் சிற்பங்களுக்குப் பின்னால் நீலக் கண்ணாடி நீட்டிக்கொண்டு நிற்கும். 10 டிகிரியில் மூன்றடிக் கைப்பிடிச் சுவருக்குள் எல்லாம் மறைந்துவிடும். அந்த முகப்பு அப்படியே தெரிய வேண்டும் என்பது என் விருப்பம், உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஓட்டுக் கூரை மேல் வைக்கலாம் என்ற மூன்றாமவர் யோசனைக்கு வருகிறேன். வேண்டாம். முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரக் கூரை நான்கு திசையிலும் முற்றத்தை நோக்கிச் சரிகிறது. அதில் தெற்கு நோக்கிச் சரிவது ஒரு பக்கம் மட்டும். அந்த ஒரு பக்கத்துக்கும் எதிரே உயர்ந்த சுவரோ மாடியோ இருக்கும். வடக்கு நோக்கிய சரிவில் 25 டிகிரி போல் படுக்க வைத்தால் வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இழப்பு. நாட்டு ஓட்டின் மேல் ஆள் ஏறினாலே உடையும். ஒரு பேனல் 27, 28 கிலோ. அதைத் தாங்கும் கொக்கிக்கு ஓட்டைப் பிரித்துக் கைமரத்தில் துளை போட வேண்டும். மழைத் தண்ணீர் அந்தக் கூரை வழியாகத்தான் முற்றத்துக்கு இறங்குகிறது. அந்த வழியை மறித்தால் ஓட்டுக்கு அடியில் நீர் கசிந்து மரம் இற்றுப்போகும். அந்தப் பர்மாத் தேக்கைப் போல் திரும்ப ஒன்றை வாங்க முடியாது.

பழைய மாடித் தளமும் கவனம் வேண்டிய ஒன்று. பல வீடுகளில் தேக்கு உத்திரங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளம். அதில் ஆங்கர் போல்ட்டுக்குத் துளை போடவே விடாதீர்கள். சுண்ணாம்புத் தளம் ஒரு முறை கீறிவிட்டால் எந்தப் பூச்சு போட்டாலும் ஒழுகும். கான்கிரீட் கட்டைகளில் கால்களைப் பதித்து, அந்தக் கட்டைகள் கீழே சுவர் ஓடும் கோட்டின் மேல் உட்காருமாறு அமையுங்கள். நம் வீட்டுச் சுவர்கள் கனமானவை, எடையை வாங்கிக்கொள்ளும். உத்திரங்களின் நடுவில் எடை வைக்கக் கூடாது. பேனலுக்கு ஆள் வருமுன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரும் ஒரு கட்டடப் பொறியாளரும் உத்திரத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும். அவர்கள் தயங்கினால் மாடியை விட்டுவிட்டு, கொல்லையில் தரையிலேயே ஸ்ட்ரக்சர் போடலாம். நிழல் இல்லாத கொல்லை இருந்தால் அது ஒன்றும் இரண்டாம் தரம் இல்லை. கழுவுவது சுலபம், காற்றோட்டமும் நன்றாக இருக்கும்.

காற்று என்றதும் பிடிமானத்தைச் சொல்லியாக வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நமக்கு அதைவிடப் பெரிய பயம் கார்த்திகைப் புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்தபோது பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னந்தோப்புகள் சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தெற்குப் பார்த்த பேனலின் உயர்ந்த முனை வடக்கில் இருக்கிறது. வாடைக் காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும். சாய்வு கூடக் கூடத் தூக்கும் விசையும் கூடும். 10 டிகிரியை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்ட்ரக்சரை ஏழெட்டு அடி உயர்த்திக் கட்டினால் கைப்பிடிச் சுவர் நிழல் பிரச்சினை தீரும், அடியில் துணி காயப்போடலாம், வற்றல் காயவைக்கலாம். கான்கிரீட் தளத்துக்கு அது நல்ல யோசனை. சுண்ணாம்புத் தளத்துக்கு நான் சொல்லவே மாட்டேன்.

அக்கினி நட்சத்திரத்தில்தான் கரண்ட் கொட்டும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. பெட்டியில் எழுதியிருக்கும் 540 வாட் என்பது செல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது கிடைப்பது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். மே மாத நடுப்பகலில் வெளியே 38 டிகிரி என்றால் செல் 65 டிகிரி வரை போகும், 14 சதவீதம் அங்கேயே கழிந்துவிடும். அதனால்தான் நம் பக்கம் மாசி, பங்குனியில் நல்ல உற்பத்தி வருகிறது. கீழ் முனையைத் தளத்திலிருந்து ஓரடியாவது உயர்த்தி வைத்தால் அடியில் காற்று ஓடிச் சூடு குறையும், தளத்தைக் கூட்டவும் தண்ணீர் வடியவும் வசதி.

கழுவுவதைக் காலையில் வெயில் ஏறுமுன் செய்யச் சொல்லுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. மழையில்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் வாரா வாரம் பார்க்க வேண்டும், உமிச் சாம்பல் பனியோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழும். முற்றத்தில் பிடித்த மழைத் தண்ணீர் அதற்கு அருமையானது. அப்பச்சியை ஏற விடாதீர்கள். நீளக் கோல் வைத்த மாப்போடு வேலைக்கு ஓர் ஆளை வையுங்கள். அந்த ஆளிடமே கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றுகளையும் பிடுங்கச் சொல்லுங்கள். சுவருக்கும் நல்லது, பேனலுக்கும் நல்லது.

காகித வேலை சுருக்கமாக: பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். அதற்கு இந்தியாவில் செய்த செல்லும் பேனலும் இருக்க வேண்டும். மின் இணைப்பு இன்னும் ஐயா (தாத்தா) பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். வீடு பொதுவில் இருந்தால் மாடியில் கை வைக்குமுன் பங்காளிகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

விலைப்புள்ளி தருகிறவரிடம் மாடியின் வரைபடம் ஒன்று கேளுங்கள். அதில் பேனல் உட்காரும் இடம், டிசம்பர் காலை 9 மணி நிழல், மாலை 4 மணி நிழல், கால்கள் நிற்கும் சுவர்க் கோடு இவ்வளவும் இருக்க வேண்டும். இதைப் போட்டுத் தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மாட்டி முடித்த பிறகு, நீங்கள் வெளியூரில் இருந்தபடியே இன்வெர்ட்டர் செயலியில் பாருங்கள். ஆறு பேனலுக்கு வருடச் சராசரி நாளைக்கு 12, 13 யூனிட் வரும். மேகமில்லாத மார்ச் நாளில் 15 யூனிட்டை ஒட்டி வர வேண்டும். செயலியில் தெரியும் உற்பத்திக் கோடு காலையில் ஏறி நடுப்பகலில் உச்சம் தொட்டு மாலையில் இறங்கும். அது தினமும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்து திரும்ப எழுந்தால் அங்கே ஒரு நிழல் இருக்கிறது. அந்த நேரத்துக்கு யாரையாவது மாடிக்கு அனுப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பள்ளமே இல்லாமல் மொத்தமாகத் தாழ்ந்துகொண்டே போனால் முதலில் கண்ணாடியைக் கழுவச் சொல்லுங்கள். கழுவியும் ஏறவில்லை என்றால் மட்டும் மாட்டியவரைக் கூப்பிடுங்கள்.